ஞாயிற்றுக்கிழமைப் புத்தகப் பரிந்துரையில் களிக்கும் கொள்ளுக்கும் என்ன வேலை?

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 பிப்ரவரி 10

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொஞ்ச நாளாக வந்துகொண்டிருக்கிறேன். வாரம் ஒரு புத்தகம் என்றுதான் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தால் ஒவ்வொருவரும் ஒரு புத்தகம், வீட்டுச் சமையலில் ஒன்று, பொழுதுபோக்கில் ஒன்று என்று மூன்றையும் சொல்கிறார்கள். புத்தகப் பேச்சு பத்து நிமிடம், கொள்ளுக் கடைசல் பேச்சு அரை மணி நேரம். இலக்கியத்தை அடுப்படியோடு கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகும் என்பது என் கருத்து. பிரித்துவிடலாமே?

பிப்ரவரி 11, ஞாயிறு

பிரிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆளைப் பார்த்து "என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வராது. வருகிற பதிலும் எங்கோ கேள்விப்பட்ட பெரிய பெயராக இருக்கும். அதே ஆளிடம் "வீட்டில் நீங்கள் நன்றாகச் செய்கிற பண்டம் எது? சாயந்திரம் சும்மா இருக்கும்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் அவருக்கு எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அரூரிலிருந்து வரும் அக்கா முதலில் புத்தகமே சொல்ல மாட்டேன் என்றவர். அவரை விதை சேர்ப்பது பற்றி மட்டும் பேசினார். கொடி அவரை, செடி அவரை, ஊதா விளிம்பு போட்ட அவரை என்று சின்னச் சின்னத் துணி முடிச்சுகளாகக் கட்டிக் கொண்டுவந்து காட்டினார். அவருக்கு ஒரு வேளாண்மைப் புத்தகத்தைக் கொடுத்தோம். இன்றைக்குக் கூட்டத்தில் அவர்தான் அதிகம் படிக்கிறவர்.

பிப்ரவரி 11, இரவு

விட்டுப்போன ஒன்று. எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர். நாம் மூன்றாவது விதியை மறந்துவிட்டுப் பேசுகிறோம் என்று படுகிறது. நல்ல புத்தகம் என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அது யாருக்கு என்றும் தெரிய வேண்டும். அது தெரியத்தான் கடைசலும் விதை முடிச்சும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இது புளிக் காலம். எல்லார் வீட்டிலும் கொட்டை எடுக்கிற வேலை. எங்கள் மாமியார் வாசலில் சாக்கு விரித்து, ஓடு உடைத்த பழத்தைக் குவித்துவைத்து, சின்ன அரிவாளைக் காலடியில் நிறுத்தி, ஒவ்வொரு பழமாகக் கீறிக் கொட்டையைத் தள்ளுவார். நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். கை ஓயாது, காது மட்டும் சும்மா இருக்கும். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' வாசித்துக் காட்டினேன். 1997-இல் வந்த புத்தகம். உப்பு, எண்ணெய், தேங்காய் என்று வீட்டுச் சாமான்களைப் பற்றிய சிறு சிறு கட்டுரைகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கூடை புளி முடிவதற்குள் முடிந்துவிடும் அளவு.

மாமியார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். உப்பு பற்றிய கட்டுரை முடிந்ததும் கையை நிறுத்தினார். "இதெல்லாம் புஸ்தகத்துல எழுதுவாங்களா?" என்று கேட்டார். அப்புறம் அவருடைய அம்மா வீட்டில் உப்புப் பானையை எந்த மூலையில் வைப்பார்கள், யார் தொடலாம், விளக்கு வைத்த பிறகு யாராவது உப்புக் கடன் கேட்டால் என்ன சொல்லி அனுப்புவார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டிராத விஷயங்கள் அவை.

இந்த வாரப் புத்தகம் அதுதான். இந்த வாரப் பண்டம், புளி அடுக்குவது. கொட்டை எடுத்த புளியை ஒரு வெயில் காட்டி, கல்லுப்பு தூவித் தூவி மண்பானையில் கையால் அழுத்தி அடுக்க வேண்டும். காற்று புகாமல் வாயைத் துணியால் கட்டிவிட்டால் ஒரு வருடம் தாங்கும். பழையதாக ஆக நிறம் கறுக்கும், புளிப்பு மட்டுப்படும், குழம்புக்கு அதுவே ருசி.

பிப்ரவரி 20

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: மாவட்ட மைய நூலகத்தில் முதலில் கேளுங்கள். நாம் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தேதான் போகிறது. 1948-ஆம் வருடச் சட்டம் அது. காசு கட்டிவிட்டுப் போய் எடுக்காமல் இருக்கலாமா?

மார்ச் 3, ஞாயிறு

களி கேட்டு நச்சரித்துவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். பாலக்கோட்டு அண்ணா மன்னிக்க.

பச்சரிசி நொய் ஒரு பங்கு, ராகி மாவு இரண்டு பங்கு. நொய்யை நிறையத் தண்ணீரில் போட்டு, உப்புப் போட்டு, நன்றாகக் குழைய விடுங்கள். குழைந்து தளதளவென்று கொதிக்கும்போது மாவை மேலே மலை மாதிரி ஒரே குவியலாகக் கொட்ட வேண்டும். உடனே கிளறக் கூடாது. புதிதாகச் செய்கிறவர்களுக்குக் கட்டி தட்டுவது இந்த இடத்தில்தான். துடுப்பை நட்டநடுவில் அடி வரைக்கும் குத்தி ஒரு குழி போடுங்கள். கஞ்சி அந்தக் குழி வழியாக மேலே வந்து மாவை நனைக்கும். தீயைக் குறைத்து மூடிவையுங்கள். மாவு வாசனை போய் வெந்த வாசனை வரும். அது மூக்குக்குத் தெரியும், கடிகாரத்துக்குத் தெரியாது.

அப்புறம் பானையை இறக்கி, ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள், கிண்ட ஒரு ஆள். பானையின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தண்ணீர் தொட்ட தட்டில் தள்ளி, சுடச்சுட உருட்ட வேண்டும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல் அல்லது கீரைக் கடைசல். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். மெல்லுகிற ஆளைப் பார்த்தால் எங்கள் மாமியார் "வெளியூரா?" என்று கேட்பார்.

மீந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டுவையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தால் மதியம் வரைக்கும் பசிக்காது.

மார்ச் 4

ஓசூர் நண்பர் குக்கரில் வைக்கலாமா என்று கேட்கிறார். நொய்யைக் குக்கரில் குழைய வைத்துக்கொள்ளலாம், மாவு போட்டதற்குப் பிறகு வேண்டாம். குழியில் ஆவி வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அளவு சரியில்லை, எங்கள் வீட்டில் நொய் கம்மி என்று பென்னாகரத்திலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் சொல்கிறார்கள். இருக்கும். ஊருக்கு ஊர், ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு மாறும். நான் எழுதியது எங்கள் வீட்டு அளவு. உங்கள் வீட்டு அளவை நீங்களும் எழுதி வையுங்கள். எழுதாமல் போனால் கிண்டியவரோடு போய்விடும்.

மார்ச் 17, ஞாயிறு

பாலக்கோட்டு அண்ணாவின் கேள்வியைத் திரும்ப யோசித்தேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. களி வந்த வாரத்தில் புத்தகப் பேச்சு நிஜமாகவே ஓரத்துக்குப் போய்விட்டது. கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி புதுக் கவிதைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அவள் முறை வரும்போது எல்லாரும் தட்டோடு எழுந்துவிட்டோம். அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். அது தப்பான நடைமுறை, மாற்றியாக வேண்டும்.

அதனால் இனிமேல் புத்தகம் முதலில். பேசுகிறவர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கமாவது வாய்விட்டு வாசிக்க வேண்டும். "நல்லா இருக்கு, படிங்க" என்று சொல்லிவிட்டு உட்காருவது பரிந்துரை ஆகாது. அதற்குப் பிறகு பொழுதுபோக்கு. கடைசியில் சமையல், சாப்பாடும் அப்போதுதான். பசித்திருக்கும்போது காது கூர்மையாக இருக்கும் என்று அரூர் அக்கா சொல்கிறார். அண்ணா, இதற்காவது சம்மதமா?

ஏப்ரல் 7, ஞாயிறு

சம்மதம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். நல்லது.

இந்த வாரம் என் வீட்டுக்காரர் முறை. அவருக்கு நடுகல் பைத்தியம். ஞாயிறு காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஏதாவது ஏரிக்கரைக்குப் போய்விடுவார். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். மாடு மீட்கப் போய் இறந்தவன், ஊர் காக்க இறந்தவன், புலியோடு குத்துப்பட்டவன் என்று ஒவ்வொரு கல்லும் ஒரு சாவின் கதை. வில், குறுவாள், உடம்பில் தைத்த அம்பு எல்லாம் செதுக்கியிருக்கும். பழைய கல் என்றால் எழுத்து வட்டெழுத்து, தமிழை எழுதிய பழைய எழுத்து முறை.

அவரிடம் நான் ஒன்று பார்த்திருக்கிறேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் கல்லில் எழுத்து தெரியாது. காலையிலோ சாயந்திரமோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் கீறல்களில் நிழல் தங்கும், எழுத்து எழுந்து நிற்கும். சுண்ணாம்பு, சாக்பீஸ் எதையும் தேய்க்கவே கூடாது. சில ஊர்களில் எண்ணெய் பூசி, மாலை போட்டு, சாமியாகக் கும்பிடுகிறார்கள். அங்கே செருப்பைக் கழற்றி, ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். கேட்டால் அவர்களே கதையும் சொல்வார்கள்.

புத்தகமாக அவர் சொன்னது இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்', 1972. படிக்கக் கஷ்டமான புத்தகம், கல்வெட்டு வாசகமும் குறிப்பும்தான். ஆனால் இந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு தடவையாவது புரட்ட வேண்டும்.

ஏப்ரல் 9

நாய்க்கு எடுத்த நடுகல் நம் மாவட்டத்தில் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அது எடுத்தனூரில், செங்கம் பக்கம், திருவண்ணாமலை மாவட்டம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய் விழுந்த வீரனோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது, கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்று எழுத்தும் இருக்கிறது. அரூரிலிருந்து கிளம்பினால் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

மாவட்ட எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 1965-இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது. 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பழைய புத்தகத்தில் சேலம் மாவட்டம் என்று போட்டிருந்தால் அது நம் வீட்டு வாசலாகவும் இருக்கலாம், கவனித்துப் படியுங்கள்.

மே 26, ஞாயிறு

மாங்காய். கிருஷ்ணகிரிக்காரர்கள் வந்தால் வேறு என்ன பேசுவார்கள்? இந்த வருட வெயிலில் பிஞ்சு உதிர்ந்துவிட்டது என்று வருத்தமாகத்தான் ஆரம்பித்தார்கள். மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகிறது பெங்களூரா ரகம். வீட்டில் சாப்பிட செந்தூரா. கடைசியில் வருகிறது நீலம். உதிர்ந்த காயை வீணாக்காமல் கீறி, உப்பு மஞ்சள் பிரட்டி, காய வைத்து வத்தலாக்கி வைத்தால் மழைக்காலத்தில் பருப்புக் குழம்புக்கு ஆகும்.

புத்தகம், எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951. சமையல் புத்தகத்தைப் புத்தகப் பரிந்துரையாகக் கொண்டுவரலாமா என்று ஒரு சின்னச் சச்சரவு நடந்தது. நான் கொண்டுவரலாம் என்ற கட்சி. மாமியாரும் அம்மாவும் பக்கத்தில் இல்லாமல் தூர ஊரில் குடித்தனம் வைக்கும் பெண்களை நினைத்து எழுதிய புத்தகம் அது. எத்தனையோ வீடுகளில் கல்யாணச் சீரோடு சேர்த்து அனுப்பினார்கள். நமக்கும் அவருக்கும் சமையல் வேறு, அது ஒரு பிராமணக் குடும்பத்துச் சமையல். ஆனால் வாயில் இருந்ததை அளவோடு எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு பெண் உட்கார்ந்தாளே, அதற்காகவே அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை. மார்ச் மாதம் நொய் அளவுக்குச் சண்டை போட்டவர்கள் எல்லாரும் இன்னும் எழுதவில்லை என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

பென்னாகரம் தம்பிக்குக் காட்டோரமாக நடப்பதுதான் பொழுதுபோக்கு. அவன் கொண்டுவந்தது வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் எழுதியது, 1954-இல் ஆங்கிலத்தில் வந்த ஆட்கொல்லிப் புலிக் கதைகள். தளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜவளகிரியின் ஆட்கொல்லி பற்றிய கதையை அவன் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, தளியிலிருந்து வந்திருந்த பெரியவர் "அந்த ஓடை இப்பவும் இருக்கு" என்றார். அதற்கப்புறம் புத்தகம் மூடிவிட்டது, பெரியவர்தான் பேசினார்.

ஜூன் 18

வேட்டைக்காரர் புத்தகத்தைப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் படிக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் காலத்து நியாயம் வேறு, துப்பாக்கியோடு போனவர்கள் எழுதியது வேறு எப்படி இருக்கும்? அதனால் தம்பிக்கு இன்னொரு புத்தகத்தைச் சேர்த்துக் கொடுத்தேன்: மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்', தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. துப்பாக்கி இல்லாமல், பொறுமையாக நின்று பார்த்தவர் எழுதிய தமிழ். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே காட்டை இரண்டு ஆட்கள் எப்படிப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கே தெரியும். இந்தப் பக்கத்தில் ஆண்டர்சன் நடந்த காடுகள் பலவும் இன்றைக்குக் காவிரி வடக்கு, காவிரி தெற்குச் சரணாலயங்கள். வடக்கை 2014-இலும் தெற்கை 2022-இலும் அறிவித்தார்கள். உள்ளே அனுமதி இல்லாமல் போகாதே என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். யானை இருக்கிற காடு.

ஜூலை 17

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டோம். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு உண்டா? நாரைத் தேய்த்து ஓட்டை வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்து, கொஞ்சம் தண்ணீரை வடித்து, பாசிப்பருப்பு, எள், அவல், வெல்லம் அடைத்து, அழிஞ்சில் குச்சியில் சொருகி, மஞ்சள் பூசித் தீயில் காட்ட வேண்டும். ஓடு வெடிக்கும்போது உள்ளே எல்லாம் வெந்திருக்கும். பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்துச் சாப்பிடலாம்.

சுட்டுக்கொண்டே பிப்ரவரியில் படித்த தொ.ப. புத்தகத்தின் தேங்காய்க் கட்டுரையைப் பெரிய பேத்தி வாசித்தாள். புகையில் கண் எரிந்துகொண்டு வாசித்தாள், ஆனால் முடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று ஆடிப்பெருக்கு. மேட்டூர் நிரம்பிவிட்டது, ஒகேனக்கலில் வெள்ளம், யாரும் அங்கே போகவில்லை. வீட்டிலேயே கூடினோம். பாலக்கோட்டு அண்ணா முதல் தடவையாகப் பரிந்துரை செய்தார். புறநானூறு. உ.வே.சா. 1894-இல் பதிப்பித்த அதே புறநானூறு, நம் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அதியமானை ஒளவை பாடிய புறநானூறு.

நெல்லிக்கனிப் பாட்டைத்தான் படிப்பார் என்று இருந்தோம். அவர் 235-ஐ எடுத்தார், அதியமான் இறந்த பிறகு ஒளவை அழுகிற பாட்டு. "சிறுசோற் றானும் நனிபல கலத்தன் மன்னே". சோறு கொஞ்சமாக இருந்தாலும் பல கலங்களில் பலரோடு பகிர்ந்து தின்றான், நிறைய இருந்தாலும் அப்படியே, கறி கிடைத்த இடமெல்லாம் எமக்குத் தந்தான் என்று போகிறது. அண்ணா குரல் இரண்டு இடத்தில் நின்றது. ஒரு அரசனை இழந்த கவி, அவன் கள்ளைப் பகிர்ந்ததையும் சோற்றைப் பகிர்ந்ததையும் சொல்லித்தான் அழ ஆரம்பிக்கிறாள். இலக்கியத்தில் அடுப்படி வரக் கூடாது என்று கேட்டது நான்தானே என்று அவரே சொல்லிச் சிரித்தார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாடு எடுத்து வைத்தோம்.

அவர் வீட்டுப் பண்டம் தக்காளித் தொக்கு. பாலக்கோட்டு மண்டியில் விலை விழுந்த நாளில் கூடைக்கணக்கில் வாங்கிச் செய்வாராம். பொழுதுபோக்கு என்ன என்றதற்குக் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பழைய பேனா சேர்ப்பதாகச் சொன்னார். அடுத்த தடவை கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 12

ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண், அங்கே இதே மாதிரி ஆரம்பிக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ரங்கநாதன் பிறந்த நாளில் வந்த கேள்வி, உடனே பதில் சொல்கிறேன்.

நான்கு வீடு போதும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற ஊர் உங்களுடையது, எந்த மொழிப் புத்தகமானாலும் சரி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பணம் வசூலிக்காதீர்கள். ஒரு நீள நோட்டு வாங்கி மூன்று பத்தி போடுங்கள்: புத்தகம், பண்டம், பொழுதுபோக்கு. சொன்னவரே தன் கையெழுத்தில் எழுத வேண்டும். எழுத வராதவர் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். புத்தகம் கடன் கொடுத்தால் அதையும் அதே வரியில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திரும்பி வராது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி உங்களுக்குப் பக்கத்தில்தான். அவர் எழுதிய 'வியாசர் விருந்து' எல்லா வயதுக்கும் ஆகும், முதல் வாரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

புத்தகம் முடியும் வரை தட்டை வெளியே எடுக்காதீர்கள். முதல் கூட்டத்துக்கு நானும் அரூர் அக்காவும் பேருந்தில் வருகிறோம். ராகி மாவும் துடுப்பும் எங்கள் கையில் வரும், நொய்யும் பெரிய பானையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.